யாருக்கெல்லாம் லேட்?

நான் வேலை பார்த்த அச்சகத்தில், கல்யாணக் கார்டு அடிக்க வருகிறவர்களிடம் முதலாளி கேட்கும் முதல் கேள்வி, "யாருக்கெல்லாம் லேட்?" என்பதுதான். டீக்குச் சர்க்கரை போடவா என்று கேட்கிற குரலில் கேட்பார். வந்தவர்களும் முகம் சுளிக்காமல் விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள்.

"பொண்ணோட தாத்தா ரெண்டு பேருக்கும் லேட். மாப்பிள்ளையோட பெரியப்பாவுக்கு லேட். அத்தைக்கு வேணாம்ணே, அத்தை இருக்காக."

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அடைப்புக்குறி போட்டு, அதற்குள் லேட் என்று அடிப்பேன். அமரர், தெய்வத்திரு, காலஞ்சென்ற என்று தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை நீளமானவை. சிவகாசியிலிருந்து வரும் வெற்றுக் கார்டில் அவ்வளவு இடம் கிடையாது. சித்தப்பா, மாமா எல்லாரையும் ஒரு பக்கத்தில் நிற்க வைக்க வேண்டுமே. அதனால் செத்தவர்கள் எல்லாரும் எங்கள் அச்சகத்தில் இரண்டே எழுத்துக்குள் அடங்கினார்கள். சௌராஷ்டிரக் குடும்பங்கள் வந்தால் தங்களுக்குள் தங்கள் பாஷையில் கலந்து பேசுவார்கள். எனக்கு ஒன்றும் புரியாது. நடுவில் லேட் மட்டும் தனியாகக் காதில் விழும். உடனே யாரோ போய்விட்டார் என்று தெரிந்துகொள்வேன்.

இது தொண்ணூறுகளின் கடைசி. மதுரை மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அச்சகம். பிளஸ் டூ முடித்துவிட்டு, டைப்ரைட்டிங்கும் டி.டி.பி.யும் படித்து, பதினெட்டு வயதில் அங்கே சேர்ந்தேன். அவனியாபுரத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன். பஸ் லேட், அதனால் நான் லேட், நான் லேட் என்பதால் கார்டு டெலிவரி லேட். பள்ளிக்கூடத்தில் லேட்டாக வந்தவர்களை வெயிலில் நிற்க வைத்தார்கள். கரண்டு பில்லில் லேட் பீஸ். பக்கத்து வீட்டு அக்கா ஒரு மாதம் லேட் என்று என் அம்மாவின் காதில் சொன்னால், அடுத்த வாரம் அந்த வீட்டில் மாங்காய் வெட்டுவார்கள். ஒரு ஜோக்குக்கு நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தால், அச்சகத்தில் எல்லாரும் என்னை லேட் பிக்கப் என்பார்கள். இவ்வளவு வேலை செய்த ஒரு சொல்லை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. தினமும் இருபது முப்பது தடவை அடிக்கிற சொல்லை யார் நின்று பார்ப்பார்கள்?

எங்கள் வீட்டில் அந்தச் சொல் என் அப்பாவுக்கு உரியது. அவர் அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் இரும்பு கடைகிற டர்னராக இருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு வர வேண்டியவர் எட்டு மணிக்கு வருவார். "அப்பா வர லேட்டாகும், நீ சாப்புடு" என்பது அம்மா தினமும் சொல்கிற வாசகம். நான் எட்டாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் கோயம்புத்தூருக்கு ஏதோ சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அன்றைக்கும் அம்மா அதையேதான் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். அடுத்த வாரமும் சொன்னாள். மூன்றாவது மாதம் தெருவில் எல்லாரும் "ஓடிட்டான்" என்று பேச ஆரம்பித்த பிறகும் அம்மா மட்டும் அந்தச் சொல்லைத் தொடவில்லை.

வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. ஏன் போனார் என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா ஜாக்கெட் தைத்து என்னைப் படிக்க வைத்தாள். யாராவது கேட்டால், "வெளியூருல வேலை" என்பாள். நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். வெள்ளிக்கிழமை தவறாமல் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய், தாழம்பூக் குங்குமம் வாங்கி வருவாள். அந்தப் பொட்டைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆறு வருடமாக ஒரு கடிதம் போடாத மனிதருக்கு எதற்கு இம்புட்டுப் பெரிய பொட்டு என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "இது அவுக சம்பாதிச்சுக் குடுத்தது இல்ல, என்னோடது" என்றாள். எனக்கு அது புரியவில்லை. லேட் பிக்கப்.

எனக்கு இருபது வயதானபோது, மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குத் திருவாதவூர். விவசாயக் குடும்பம், பையன் மதுரையில் மோட்டார் கம்பெனி ஒன்றில் வேலை. அப்பா வீட்டை விட்டுப் போன கதையை மாமா மறைக்கவில்லை. அவர்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டு மாற்றிய அன்று மாப்பிள்ளையின் அம்மா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நாங்க ஒண்ணும் நினைக்கலத்தா. ஆனா ஊருல கார்டப் படிச்சுட்டு, பொண்ணோட அப்பா எங்கேன்னு மண்டபத்துல தேடுவாக. ஒண்ணு ஆள் வந்து நிக்கணும். இல்லாட்டி லேட்டுன்னு போட்டுருங்க. ரெண்டும் இல்லாம இருந்தா என்னால பதில் சொல்லி மாளாது. நீதான அச்சாபீஸுல இருக்க, பார்த்துக்க."

அவர் கெட்டவர் இல்லை. இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் ஊரில் எந்த வாய் என்ன கேட்கும் என்று தெரிந்தவர், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு என் கல்யாணத்தில் ஒரே ஒரு ஆசை இருந்தது. அதை அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். அப்பா வராவிட்டால் மாமாவும் அத்தையும் தாரை வார்க்கட்டும். ஆனால் முதல் மாலையை அவள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், ஆரத்தியை அவள்தான் எடுக்க வேண்டும். அதற்கென்று அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுச்சேலை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தாள். அதற்கான ஜாக்கெட்டை மூன்று தடவை பிரித்துத் தைத்தாள்.

இதெல்லாம் தெரிந்துதான் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று என் மண்டைக்கு உறைக்கவில்லை. கார்டு என்பது காகிதம், கல்யாணம் என்பது வேறு. திருவாதவூர்க்காரர்கள் படித்துவிட்டுத் தூக்கிப் போடப்போகிற காகிதம். என் பெயருக்கு மேலே, அப்பாவின் பெயருக்கு முன்னால், அடைப்புக்குறி போட்டு லேட் என்று அடித்தேன். என் விரலுக்குக் கூச்சமே இல்லை. அதற்கு முந்தின பத்து நிமிடத்தில் வேறொரு வீட்டுக்காக நான்கு லேட் அடித்திருந்தேன்.

எங்கள் அச்சகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேட்டரை ஒரு தாளில் எடுத்து, குடும்பத்துப் பெரியவர் ஒருவர் முழுக்கப் படித்து, கீழே கையெழுத்துப் போட்டால்தான் மெஷினில் ஏறும். இதற்குப் புரூப் கையெழுத்து என்று பெயர். உயிரோடு இருக்கிற ஒருவருக்கு லேட் போட்டுவிட்டு, முதலாளி ஒரு காலத்தில் வாங்கிய அடிக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு அது. என்னிடமே நூறு தடவை சொல்லியிருக்கிறார்: "கமா விட்டாக்கூடப் பரவாயில்ல பாப்பா. லேட்ட மட்டும் அந்த வீட்டு ஆளு கண்ணால பார்த்துக் கையெழுத்துப் போடணும்."

அன்றைக்கு அவர் தல்லாகுளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா பார்த்துட்டாங்களா பாப்பா?" என்று கேட்டார்.

"பார்த்துட்டாங்கண்ணே."

அவர் போனதும், தாளின் கீழே அம்மாவின் கையெழுத்தை நானே போட்டேன். அம்மா பெயரைக் கோணலாக, எழுத்து எழுத்தாகப் போடுவாள். பள்ளிக்கூட முன்னேற்ற அறிக்கையிலேயே பழகிய கை எனக்கு. ஏன் அம்மாவிடம் காட்டவில்லை என்று என்னை நானே பல வருடம் கேட்டுக்கொண்டேன். காட்டினால் வேண்டாம் என்பாள் என்று எனக்குத் தெரியும். பதில் அவ்வளவு சின்னது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டு நாளில் நானூறு கார்டு வந்தது. ஆடி மாதம், கல்யாணம் ஆவணியில். நான் வேலை முடிந்து வருவதற்கு முன்பே மாமா அச்சகத்திலிருந்து கட்டுகளை எடுத்துப்போய், பாதியைத் தன் வண்டியில் வைத்துக்கொண்டு வழியில் இருந்த சொந்தக்காரர் வீடுகளுக்குக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். மீதி எங்கள் வீட்டில். நான் உள்ளே நுழைந்தபோது, அம்மா சாமி படத்துக்கு வைக்கிற முதல் கார்டை மடியில் வைத்துக்கொண்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். மூன்று மூலை தடவியாகிவிட்டது. நான்காவது மூலைக்கு வருவதற்குள் படித்துவிட்டாள்.

அந்த வரியில் அவள் விரல் ஒருமுறை போய் வந்தது. மஞ்சள் கறை அப்பாவின் பெயரில் ஒட்டியது. பிறகு நான்காவது மூலையிலும் தடவி, கார்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"நல்லாருக்கு" என்றாள். "எழுத்து நல்லாப் பதிஞ்சிருக்கு."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு சண்டைக்குத் தயாராக வந்தவள் நான். சோறு போட்டாள், நான் சாப்பிட்டேன். மாமா வந்தார், யார் யாருக்குக் கார்டு கொடுத்தேன் என்று சொன்னார். அம்மா பட்டியலைச் சரிபார்த்தாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது, அடுப்படியில் அம்மா டீ போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி, டம்ளரை நீட்டினாள். டம்ளரை வாங்கும்போதுதான் பார்த்தேன்.

அவள் நெற்றியில் ஒன்றுமில்லை. பொட்டு இருந்த இடம் மட்டும் வெளுத்து, வட்டமாக, பச்சைத் தோலாக இருந்தது. கழுத்தில் தாலிக்கயிறு இல்லை. கையில் வளையல் இல்லை. எனக்கு ஒரு நிமிடம் இது யார் என்றே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த முகம். அந்த முகத்துக்கு இப்படி ஒரு நெற்றி இருந்ததே எனக்குத் தெரியாது. டீ என் கையில் கொட்டியது. சுட்டதுகூடப் பிறகுதான் தெரிந்தது.

"என்னம்மா பண்ணிட்ட?"

"நான் என்ன பண்ணேன்? நீ போட்டதத்தான் பண்ணேன்."

"அது சும்மா கார்டுக்கும்மா. திருவாதவூர்க்காரவுக கேட்டாகன்னு போட்டது. வெறும் கார்டுக்கு."

"நானூறு வீட்டுக்குப் போகுது. நானூறு வீட்டுலயும் எழுத்துக் கூட்டிப் படிப்பாக. அப்புறம் நான் பொட்டும் தாலியுமா மேடையில வந்து நின்னா, எது பொய்யின்னு கேப்பாக. கார்டு பொய்யா, இவ பொட்டுப் பொய்யான்னு. உன் கல்யாணத்துல அந்தப் பேச்சு வேணாம்."

நான் அழுதேன். வேறு கார்டு அடிக்கிறேன் என்றேன். இன்றைக்கே போய் மெஷினில் ஏற்றுகிறேன் என்றேன். அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே, மாமா ஏற்கெனவே எழுபது வீட்டுக்குக் கொடுத்துவிட்டார் என்றாள். செத்தவரைத் திரும்ப உசுரோடு அடித்து இரண்டாவது கார்டு கொடுத்தால் ஊர் சிரிக்கும் என்றாள். கையெழுத்துப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை. நாலு அறை விட்டிருந்தால் இன்னும் பரவாயில்லை.

பெட்டியிலிருந்த அரக்குச் சேலையை அத்தைக்குக் கொடுத்துவிட்டாள். ஜாக்கெட் அத்தைக்குச் சேரவில்லை. அதையும் அம்மாவே பிரித்து, அத்தை அளவுக்குத் தைத்துக் கொடுத்தாள். நான்காவது தடவை.

உள்ளூரில் கார்டு கொடுக்க நானே போனேன். அப்பா வேலை பார்த்த பட்டறைக்கும் போனேன். அதன் முதலாளியை நாங்கள் பட்டறை அண்ணன் என்போம். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டுக் கார்டைப் பிரித்தவர், அந்த வரியிலேயே நின்றுவிட்டார். பிறகு, "இன்னொரு கார்டு இருந்தாக் குடு தாயி" என்றார். வீட்டில் இரண்டு பேர் படிப்பார்கள் போல என்று நினைத்து, எடுத்துக் கொடுத்தேன். பட்டியலில் இல்லாத கார்டு அது ஒன்றுதான்.

கல்யாணத்தன்று அத்தை மாலை எடுத்துக் கொடுத்தாள், அத்தை ஆரத்தி எடுத்தாள். நன்றாகத்தான் எடுத்தாள். தாலி கட்டும்போது நான் தலை குனியாமல் அம்மாவைத் தேடினேன். மண்டபத்துச் சாமான் அறையின் கதவோரத்தில் வெளிர் சாம்பல் நிறச் சேலையின் ஓரம் தெரிந்தது. உள்ளேயிருந்து ஒரு கை வந்து, அட்சதை அரிசியைக் கீழே, கதவுக்கு நேராகத் தூவியது. மேடைவரை எறிந்தால் ஆகாது என்று யார் சொன்னார்களோ. யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

பிறகு நான் எந்தக் கார்டுக்கும் மேட்டர் அடிக்கவில்லை. முதலாளி எவ்வளவு கூப்பிட்டும் போகவில்லை.

ஆறு வருடம் கழித்து ஒரு மார்கழி மாதம். மகனுக்கு அரையாண்டு லீவு. அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அம்மா அவனுக்கு டவுசரில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது, பட்டறை அண்ணன் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே வந்து உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"தங்கச்சி, மாப்ள திருப்பூருல தவறிட்டான். நெஞ்சு வலி. நேத்துதேன் எனக்குத் தாக்கல் வந்துச்சு. அங்கனயே எடுத்துட்டாங்க."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அவர் மாப்ள என்று கூப்பிடுவது அப்பாவைத்தான். அப்படியும் எந்த மாப்பிள்ளை என்று நினைத்தேன். நானே அடித்து, நானே கையெழுத்துப் போட்டு, நானூறு வீட்டுக்குக் கொடுத்து முடித்த சாவு. அது எப்படி இன்னொரு தடவை நடக்கும்? அம்மா கையில் ஊசி பாதித் துணியில் நின்றது.

அவரே தொடர்ந்து சொன்னார். வீட்டை விட்டுப் போன அன்றைக்கு அப்பா ஒரு ஷாப்டை, இரும்புத் தண்டை, கடைந்து வீணாக்கிவிட்டார். பட்டறை ஆட்கள் முன்னால் இவர் கை நீட்டிவிட்டார். அந்தக் கோபத்தில் போனவர், ஒரு வருடம் கழித்து இவருக்குப் போன் செய்தார். வீட்டில் எதையும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினார்.

"போனது கோவத்துல. வராம இருந்தது வெக்கத்துல. எப்புடியாவது வர வைக்கணும்னு, உன் மக கல்யாணக் கார்ட நாந்தேன் தபால்ல போட்டேன். அடிச்சிருந்தத நானும் பார்த்தேன். அதப் பார்த்தாவது ரோசப்பட்டு ஓடி வருவான்னு நெனச்சேன். போன் போட்டான். என்ன சொன்னான் தெரியுமா? செத்தவன் வந்து நின்னாக் கல்யாணம் நின்னு போகும்ணே, புள்ள நல்லா இருக்கட்டும்னான். பையைத் தூக்கிட்டுப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தானாம். அங்கேருந்து திரும்பிப் போயிட்டான்."

தாக்கல் கொண்டுவந்த ஆள் கொடுத்த மஞ்சள் பையிலிருந்து அப்பாவின் சட்டை ஒன்றையும், அதற்குள் மடித்து வைத்திருந்த கார்டையும் எடுத்து வைத்தார். மடிப்பு நைந்து, கார்டு நான்காகப் பிரிந்திருந்தது. அப்பாவின் பெயர் இருந்த துண்டு மேலே இருந்தது. அடைப்புக்குறியும் அதற்குள் இருந்த இரண்டு எழுத்தும் அப்படியே தெளிவாக இருந்தன. அம்மா சொன்னது உண்மைதான். எழுத்து நன்றாகத்தான் பதிந்திருந்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா உயிரோடுதான் இருந்தார். நான் அந்த இரண்டு எழுத்தை அடிக்காமல் இருந்திருந்தால் வந்திருப்பார். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கார்டின் துண்டுகளைச் சேர்த்து, ஓரம் பிசகாமல் மடியில் அடுக்கினாள்.

"என்னைக்கு?" என்று அவரிடம் கேட்டாள்.

"போன செவ்வாக்கெழம."

அம்மா வலது கையின் விரல்களை மடக்கினாள். ஆடி, ஆவணி என்று உதடு மட்டும் அசைந்தது. ஒரு கை முடிந்ததும் நின்று, பிறகு வருடங்களை எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு, அந்தக் கையாலேயே நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆறு வருசம் அஞ்சு மாசம்" என்றாள். "அம்புட்டு நாளும் நான் பொட்டு வச்சிருந்திருக்கலாம்."